கோடை உடுப்பும் செருப்பும்: சீசன் முடிந்து வாங்கினால் லாபமா?

கேள்வி: மார்ச் 3

கோடைக்கு வேண்டியதை, கோடை முடியும்போது வாங்கி வைப்பதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கட்சி. இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்பதற்காகக் கடைக்காரர் விலையைப் பாதியாக்குவார். சட்டையானாலும் செருப்பானாலும் ஒரே கணக்குதான். நூறு சதவீதம் பருத்தியா என்று பார்த்துக்கொண்டால் துணியில் ஏமாற மாட்டோம். செருப்பு லேசாகவும் மெத்தென்றும் இருந்தால் போதும். மாற்றுக் கருத்து உண்டா?

மார்ச் 3, இரவு

உண்டு. துணிக்கு உங்கள் கணக்கு பெரும்பாலும் சரி. செருப்புக்கு அதே கணக்கைப் போடாதீர்கள்.

பருத்திச் சட்டை பெட்டிக்குள் எத்தனை மாதம் கிடந்தாலும் அதே சட்டைதான். பூச்சியும் பூஞ்சணமும் வராமல் பார்த்துக்கொண்டால் போதும். செருப்பின் அடி அப்படியில்லை. மெத்தென்று இருக்கும் அடிகளில் நிறைய, பாலியூரித்தேனில் வார்த்தவை. கடையில் பி.யு. சோல் என்பார்கள். காற்றிலுள்ள ஈரம் அதன் வேதிப் பிணைப்புகளை மெல்ல அறுத்துக்கொண்டே இருக்கும். போட்டாலும் அறுக்கும், போடாமல் வைத்தாலும் அறுக்கும். சூடும் புழுக்கமும் சேர்ந்தால் இன்னும் வேகமாக.

என் அக்கா ஒரு ஜோடியை விசேஷ நாளுக்கென்று அட்டைப்பெட்டியிலேயே வைத்திருந்தார். வெளியே எடுத்தபோது வார் புத்தம் புதிது, பளபளப்புகூடக் குறையவில்லை. மாட்டிக்கொண்டு நாலு எட்டு வைத்ததும் குதிகால் பக்கம் பிளந்து, மண்ணாங்கட்டி போல விண்டு விழுந்தது. நடந்த இடமெல்லாம் கருப்புத் துகள். கையில் எடுத்து அழுத்தினால் சில இடம் பொடியாகிறது, சில இடம் பிசுபிசுவென்று விரலில் ஒட்டுகிறது.

தள்ளுபடிக்கு வரும் ஜோடி கிடங்கிலும் கடையிலும் ஏற்கெனவே காலம் கழித்துவிட்டுத்தான் வருகிறது. அதை வாங்கி அடுத்த கோடைவரை பூட்டி வைத்தால், அதன் ஆயுளில் ஒரு பங்கை அலமாரிக்கே கொடுத்துவிடுகிறோம். செருப்பு வாங்கினால் அந்த வாரமே போட ஆரம்பித்துவிட வேண்டும். தள்ளுபடியில் வாங்குவதில் தப்பில்லை. வாங்கி வைப்பதுதான் கூடாது.

மார்ச் 5

நூறு சதவீதம் பருத்தி என்ற வாக்கியத்துக்கு வருகிறேன். தையல் மேசை முன்னால் நாள் முழுக்க நிற்பவள் நான். இந்த வாக்கியத்தை நம்பி வாங்கிய சட்டைகளைத்தான் கோடையில் அக்குளைத் தளர்த்தித் தரச் சொல்லிக் கொண்டு வருகிறார்கள்.

தடித்த ஜீன்ஸும் நூறு சதவீதம் பருத்தியாக இருக்கலாம். கூடாரத் துணியும் பருத்தியில் உண்டு. நூல் எது என்பது ஒரு கேள்விதான். அந்த நூலை எவ்வளவு நெருக்கி நெய்திருக்கிறார்கள், ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பவை அதைவிட முக்கியம். ஜி.எஸ்.எம். என்று சீட்டில் போட்டிருப்பது அந்த எடைதான். கோடைச் சட்டைத் துணி 100 முதல் 130 வரை இருந்தால் உடம்புக்குச் சுகம். பனியன் துணியில் தைத்த டி-ஷர்ட் 140 முதல் 160 வரை. அதே டி-ஷர்ட் 200ஐத் தாண்டினால் குளிர் மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எண் போடாத துணிக்கு இரண்டு சோதனை. ஒற்றை மடிப்பை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் பாவும் ஊடையும், அதாவது நீள நூலும் குறுக்கு நூலும், சதுரம் சதுரமாகத் தெரிய வேண்டும். அப்புறம் துணியை உதட்டோடு சேர்த்துப் பிடித்து ஊதுங்கள். அந்தப் பக்கம் வைத்த உள்ளங்கையில் மூச்சு தடையில்லாமல் பட்டால் அது கோடைத் துணி. கன்னம் உப்பினால் வைத்துவிட்டு வாருங்கள். மல்மல், வாயில் என்னும் மெல்லிய துணிகள், சாதா நெசவுக் கைத்தறி எல்லாம் இதில் சுலபமாகத் தேறும். ட்வில், சாட்டின் போன்ற நெருக்கமான நெசவுகள் பெரும்பாலும் திணறும்.

கசக்கியும் பாருங்கள். மொடமொடப்பான புதுத் துணியை இரண்டு கையாலும் தேய்த்தால் மாவு போல உதிர்ந்தால், அது கஞ்சி. ஒரு சலவையில் கஞ்சி போய்விடும். கடையில் கெட்டியாகத் தெரிந்தது வீட்டில் வலைத்துணியாக நிற்கும்.

மார்ச் 5, கொஞ்ச நேரம் கழித்து

எடை, நெசவு என்று சொல்லிவிட்டு நூலை ஒரேயடியாக ஒதுக்கிவிட்டது போல இருக்கிறது. ஒதுக்க முடியாது.

உலர்ந்த துணி காற்றிலிருந்தே எவ்வளவு ஈரம் வாங்கும் என்று நெசவுத் துறையில் ஓர் அளவு உண்டு. 65 சதவீத ஈரப்பதமுள்ள காற்றில் பருத்தி தன் எடையில் சுமார் 8.5 சதவீதம் வாங்கும். ஆளிச்செடி நாரில் செய்த லினன் 12, கம்பளி 13க்கு மேல், பாலியஸ்டர் 0.4. வித்தியாசத்தைப் பாருங்கள். வியர்க்கத் தொடங்கும் முதல் அரை மணியில் பருத்தி ஏன் பேசாமல் இருக்கிறது, பாலியஸ்டர் ஏன் நசநசக்கிறது என்பதற்கு விடை இந்த எண்ணில் இருக்கிறது.

ஆனால் பருத்தி வாங்கிய ஈரத்தைச் சீக்கிரம் விடாது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஆவியானால்தான் அந்தக் குளிர்ச்சி. சட்டையில் தொப்பலாகத் தேங்கி நின்றால் கிடைக்காது. அதனால் ஓட்டம், பந்து விளையாட்டு என்று கொட்டக் கொட்ட வியர்ப்பவர்களுக்கு மெல்லிய கண்ணறைகளோடு பின்னிய பாலியஸ்டர் பனியன் நல்லதுதான். பாலியஸ்டர் என்றாலே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். உட்கார்ந்து வேலை செய்பவருக்கும் தெருவில் நடந்து போகிறவருக்கும் பருத்தியும் லினனும் போதும்.

மார்ச் 6

போட்டுப் பார்க்கும் அறையில் எல்லோரும் கண்ணாடி முன் நேராக நிற்கிறார்கள். நேராக நின்றால் எந்தச் சட்டையும் சரியாகத்தான் இருக்கும். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குங்கள், குனிந்து தரையைத் தொடுங்கள், உட்காருங்கள். முதுகிலோ அக்குளிலோ இழுத்தால் அந்த அளவு வேண்டாம். கோடை உடுப்புக்கு உடம்புக்கும் துணிக்கும் நடுவே காற்று போய் வர இடம் வேண்டும். அக்குள் இறுகினால் வியர்வையின் உப்பு அங்கேயே படிந்து, தையலோரம் துணி முதலில் நைந்து போகும். என்னிடம் வரும் கிழிசலில் பெரும்பங்கு அங்கேதான்.

மார்ச் 9

“கோடையில் வெள்ளைதானே போட வேண்டும், கருப்புச் சட்டை வாங்கலாமா?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

1980இல் நேச்சர் ஆய்விதழில் இதே கேள்வியை எடுத்துக்கொண்டு ஒரு கட்டுரை வந்தது. கொதிக்கும் பாலைவனத்தில் பெதூயின் என்னும் அரபு நாடோடி மக்கள் ஏன் கருப்பு அங்கி போடுகிறார்கள் என்று ஆராய்ந்தார்கள். வெயிலில் ஒருவரை நிறுத்தி, கருப்பு அங்கி, வெள்ளை அங்கி என்று மாற்றி மாற்றி அணிவித்து அளந்தார்கள். கருப்புத் துணி அதிகச் சூட்டை வாங்கியது உண்மை. ஆனால் அந்தக் கூடுதல் சூடு தோலுக்கு வருவதற்குள் அங்கிக்கு உள்ளே ஓடும் காற்றோடு போய்விட்டது. உடம்புக்கு வந்து சேர்ந்த வெப்பம் இரண்டிலும் ஒன்றுதான்.

இதை வைத்துக் கருப்பு டி-ஷர்ட்டை நியாயப்படுத்த முடியாது. அந்த அங்கி தொளதொளவென்று தரைவரை தொங்குவது, காற்று வீசும் வெட்டவெளியில் போடுவது. உடம்போடு ஒட்டிய கருப்புத் துணியில் சூடு நேரே தோலுக்குத்தான் வரும். தொளதொளப்பு இருந்தால் நிறத்தைப் பற்றிய கவலை பாதி குறையும். இறுக்கமான உடுப்பு என்றால் வெளிர் நிறமே எடுங்கள்.

மார்ச் 10

நிறத்தைப் பற்றி எழுதிய பிறகு, மார்ச் 5ஆம் தேதிக் குறிப்பில் சொன்ன வெளிச்சச் சோதனை உறுத்துகிறது. வெளிச்சம் புகும் துணியில் புற ஊதாக் கதிரும் புகும்.

துணி எவ்வளவு கதிரைத் தடுக்கும் என்பதற்கு யு.பி.எஃப். என்று ஓர் அளவு இருக்கிறது. 1996இல் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து இதற்குத் தரவரையறை கொண்டுவந்தன. 50 என்று போட்டிருந்தால் ஐம்பதில் ஒரு பங்கு கதிர்தான் உள்ளே வரும். மெல்லிய வெள்ளைப் பருத்தி டி-ஷர்ட் தேறுவது 5 முதல் 7 வரைக்குள்தான். வியர்வையில் நனைந்தால் இன்னும் குறையும். அடர் நிறமும் நெருக்கமான நெசவும் இந்த எண்ணை ஏற்றும்.

ஆக, காற்றுக்கு நல்ல துணி வெயிலுக்குப் போதாது, வெயிலுக்கு நல்லது காற்றுக்கு இடைஞ்சல். நான் செய்துகொள்ளும் ஏற்பாடு இதுதான்: வீட்டுக்குள்ளும் நிழலிலும் இருக்கும் நேரத்துக்கு மெல்லிசு. மத்தியான வெயிலில் வெளியே போவதற்கு முழுக்கை வைத்த, கொஞ்சம் அடர்ந்த நிறத்தில், தாராளமாகத் தைத்த லினன் சட்டை ஒன்று. மணிக்கணக்கில் வெயிலில் நிற்கும் வேலை என்றால் யு.பி.எஃப். எண் போட்ட உடுப்புக்குச் செலவு செய்வது வீண் இல்லை.

மார்ச் 10, மாலை

லினன் கசங்கும். ஆமாம். கசங்கட்டும்.

மார்ச் 14

மூங்கில் துணி பற்றிக் கேள்வி வந்திருக்கிறது. இதில் கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் அந்தச் சீட்டைப் பார்த்து இரட்டிப்பு விலை கொடுக்கிறார்கள்.

மூங்கில் துணி என்று விற்பதில் மிகப் பெரும்பாலானவை விஸ்கோஸ், அதாவது ரேயான். மூங்கிலைக் கூழாக்கி, ரசாயனத்தில் கரைத்து, துளை வழியாக இழையாக இழுக்கிறார்கள். வேறு மரக்கூழிலும் இதே வேலைதான் நடக்கிறது. அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2009இலேயே சில நிறுவனங்கள் மேல் இதற்காக நடவடிக்கை எடுத்தது. ரேயானை ரேயான் என்றுதான் சொல்ல வேண்டும் என்பது அதன் நிலைப்பாடு.

ரேயான் கெட்ட துணியா என்றால் இல்லை. வழவழவென்று விழும், ஈரம் நன்றாக வாங்கும், புழுக்கத்தில் உடம்போடு சண்டை போடாது. அதன் பலவீனம் தண்ணீர். நனைந்தால் வலு ஏறக்குறைய பாதியாகிவிடும். பருத்திக்கும் லினனுக்கும் நனைந்தால் வலு கூடும், இதற்கு நேர்மாறு. ஈர ரேயானை முறுக்கிப் பிழிந்தால் நூல் நகர்ந்துவிடும், தோள்பட்டைத் தையலோரம் பிளக்கும், கொடியில் கனமாகத் தொங்கவிட்டால் நீளும். பிழியாமல் நீர் வடியவிட்டு, நிழலில் விரித்து உலர்த்தத் தயார் என்றால் வாங்குங்கள். எல்லாத் துணியையும் ஒரே சுற்றில் மெஷினில் போடும் வீட்டுக்கு இது ஆகாது. அதே குடும்பத்தில் மோடல், லயோசெல் இரண்டும் நனைந்த பிறகும் இதைவிடத் தாக்குப்பிடிக்கும்.

மார்ச் 20

சரி, செருப்புக்கு வருகிறேன். “எப்போது வாங்கக் கூடாது என்று சொன்னீர்கள், எப்படி வாங்குவது?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாலையில் போங்கள். பகல் முழுக்க நின்று, நடந்து, சூட்டில் இருந்த பாதம் காலையைவிடச் சற்று வீங்கியிருக்கும். காலையில் கச்சிதமாக இருக்கும் வார் சாயங்காலம் அழுத்தும்.

போவதற்கு முன் ஒரு தாளைத் தரையில் போட்டு, எடை முழுவதையும் அந்தக் காலில் ஊன்றி நின்று, பென்சிலை நேராகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றி வரைந்துகொள்ளுங்கள். இரண்டு காலுக்கும். ஒன்று கொஞ்சம் பெரிதாக இருக்கும், அதற்குத்தான் வாங்க வேண்டும். கோட்டின் மேல் கத்தரித்து அந்தத் தாளைக் கடைக்குக் கொண்டுபோய்ச் செருப்பின் மேல் வையுங்கள். தாள் எந்தப் பக்கம் வெளியே நீட்டுகிறதோ அந்தப் பக்கம் கடிக்கும். இதைச் செய்தால் முக்கால்வாசி ஜோடிகளைப் போட்டுப் பார்க்காமலே கழித்துவிடலாம். சிலருக்குக் கட்டைவிரலைவிட அடுத்த விரல் நீளம், நீளத்தை அந்த விரலிலிருந்துதான் பார்க்க வேண்டும். முன்னால் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு இடம் இருந்தால் போதும்.

அளவு எண்ணை நம்ப முடியாததற்குக் காரணம் இருக்கிறது. பிரிட்டிஷ் முறையில் ஓர் எண்ணுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 8.5 மில்லிமீட்டர். ஐரோப்பிய முறையில் ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு, சுமார் 6.7 மில்லிமீட்டர். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவே பொருந்தாது. மாற்று அட்டவணை எல்லாம் தோராயம்தான். அளவுச் சீட்டில் மில்லிமீட்டரிலோ சென்டிமீட்டரிலோ ஓர் எண் இருந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள், அதை உங்கள் தாளோடு நேரே ஒப்பிடலாம். சில கடைகளில் உலோகத்தில் ஓர் அளவுகோல் இருக்கும், குதிகாலை வைத்து நகர்த்திப் பார்ப்பது. பிரானாக் கருவி என்று பெயர், 1920களில் வந்தது. நீளம், அகலம், குதிகாலிலிருந்து பெருவிரல் மூட்டுவரை உள்ள தூரம் மூன்றையும் சொல்லும். அந்த மூன்றாவது அளவைக் கவனிக்க வேண்டும். செருப்பு மடிய வேண்டியது அந்த மூட்டுக்கு நேரேதான்.

கையில் எடுத்து வளைத்துப் பாருங்கள். விரல் மூட்டு வரும் இடத்தில் மடிந்தால் சரி. நடுவே, பாதக் குழிவு வரும் இடத்தில் மடிந்தால் அது தாங்காது. துணி பிழிவது போல முறுக்கினால் சுலபமாகச் சுருண்டுவிடக் கூடாது.

மார்ச் 21

லேசாகவும் மெத்தென்றும் இருந்தால் போதும் என்ற உங்கள் முதல் வரிக்கு நேற்று பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

கடையில் ரொம்ப மெத்தென்று இருப்பதைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் மெதுவாகத் திரும்பி வந்தாலோ, தரையே விரலில் தட்டுப்பட்டாலோ, உங்கள் எடையில் அது சீக்கிரம் தட்டையாகிவிடும். ஈ.வி.ஏ. என்னும் பிளாஸ்டிக் நுரையில் செய்த லேசான செருப்புகளுக்கு இந்தக் குணம் உண்டு. அழுந்தி அழுந்தி ஒரு கட்டத்துக்குப் பிறகு எழும்பாது. கொஞ்சம் கெட்டியாகத் தெரிவதுதான் நீண்ட நடைக்கு ஒத்துழைக்கும்.

விரலிடை வார் வைத்த சாதாரண ரப்பர் செருப்பைப் பற்றி அமெரிக்காவில் ஆபர்ன் பல்கலைக்கழகத்தினர் ஓர் ஆய்வு செய்து 2008இல் சொன்னார்கள்: அதைப் போட்டுக்கொண்டு நடப்பவர்கள், விளையாட்டுக் காலணி போட்டபோது வைத்ததைவிடச் சிறிய எட்டு வைத்தார்கள். செருப்பு கழன்றுவிடாமல் பிடித்துக்கொள்ள விரல்கள் இறுக்கிக்கொண்டே இருக்கின்றன, நடையும் மாறுகிறது. குளியலறைக்கும் கடற்கரைக்கும் அது போதும். தினமும் வெகுதூரம் நடப்பவர்கள் குதிகாலுக்குப் பின்னால் ஒரு வார் இருப்பதை எடுங்கள். பின்வார் பிடித்துக்கொண்டால் விரலுக்கு வேலை குறையும். நாள் முழுக்க நிற்கும் எனக்கு இந்த ஒரு மாற்றத்திலேயே கெண்டைக்கால் வலி கண்கூடாகக் குறைந்தது.

மார்ச் 28

இது எல்லோருக்குமானதில்லை, ஆனால் வீட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் இருந்தால் படியுங்கள்.

என் அப்பாவுக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கிவிட்டது. கடையில் “எப்படி இருக்கிறது, கடிக்கிறதா?” என்று கேட்டால் எதைப் போட்டாலும் “நல்லா இருக்கு” என்பார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரியவே தெரியாது. சிறு கல் உள்ளே கிடந்தாலும் தெரியாது. அதனால் அவர் சொல்லும் பதிலை வைத்து வாங்குவதை நிறுத்திவிட்டோம். செருப்பைப் போட்டுக் கொஞ்ச நேரம் நடந்ததும் கழற்றி, பாதத்தை நானே பார்ப்பேன். எங்கேயாவது சிவந்திருந்தால் அந்த ஜோடி வேண்டாம். விரலிடை வார் அறவே கிடையாது, அந்த இடுக்கில் புண் வந்தால் கவனிக்காமலே ஆழமாகிவிடும். முன்பக்கம் மூடி, பின்பக்கம் வாரோடு, வெல்க்ரோவால் தளர்த்தி இறுக்கக்கூடியது, உள்ளே எம்.சி.ஆர். என்னும் நுண்ணறை ரப்பர் வைத்தது. இந்த மாதிரியைத்தான் அவருக்கு மருத்துவர் சொன்னார். புதுசைத் தொடக்கத்தில் கொஞ்ச நேரம் மட்டும் போடவைத்து, மெல்ல நேரத்தைக் கூட்டினோம்.

இன்னொன்று. நேர் வெயிலில் தார்ச் சாலை 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். வாசலில் வெயில் படும்படி விட்ட செருப்பும் நன்றாகச் சூடேறியிருக்கும். உணர்ச்சி இல்லாத பாதம் அதில் வெந்து போகும், அப்புறம்தான் தெரியும். செருப்பை நிழலில் விடுங்கள், போடுவதற்கு முன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். அப்பாவின் செருப்பில் இதைத் தினமும் அம்மா செய்கிறார்.

ஏப்ரல் 6

முதல் கேள்வியை இன்னும் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். சீசன் முடிவில் துணி வாங்கலாம் என்றேன். எந்தத் துணி?

வெள்ளை, வெளிர் நீலம், சாம்பல் என்று எந்த வருடமும் போடக்கூடிய நிறத்தில் சாதாரணச் சட்டை, வீட்டில் போடும் பருத்தி உடுப்பு, லினன் பேன்ட். இவற்றைத் தாராளமாக வாங்கி வையுங்கள். வாங்குவதற்கு முன் தையலைப் பாருங்கள், தள்ளுபடி மேசையில் பலர் இழுத்துப் போட்டுப் பார்த்த உருப்படிகள் கிடக்கும். பக்கத் தையலின் இரு புறத்தையும் பிடித்து மெல்ல இழுத்தால் நூலுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தால் விட்டுவிடுங்கள். உள்பக்கம் தையலுக்கு வெளியே துணி கொஞ்சமாவது விட்டிருக்க வேண்டும், பின்னால் பிரித்து விரிக்க வழி அதுதான்.

எலாஸ்டிக் வைத்ததை வாங்கி வைக்காதீர்கள். அதற்குள் இருக்கும் ரப்பருக்கும் வயதாகும். நீச்சல் உடை, இடுப்பில் எலாஸ்டிக் வைத்த கால்சட்டை எல்லாம் இதில் சேரும். குழந்தைகளுக்கு அடுத்த வருட அளவை ஊகித்து வாங்குவதில் ஓரளவு அர்த்தம் உண்டு, தொளதொளப்பாகத் தைத்த உடுப்பாக இருந்தால் மட்டும். குழந்தைச் செருப்பை ஊகித்து வாங்கவே கூடாது. பெரிய செருப்பைப் போட்ட குழந்தை விரலை மடக்கி இழுத்துக்கொண்டே நடக்கும், தடுக்கி விழும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சீசன் ஆரம்பத்தில் எல்லா அளவும் இருக்கும், முடிவில் மிஞ்சுவது ஓரத்து அளவுகள். இடைப்பட்ட அளவுக்காரர்கள் காத்திருந்தால் சற்றே இறுக்கமானதை “பரவாயில்லை” என்று எடுத்துவிடுவார்கள். கோடையில் அந்தப் பரவாயில்லை செல்லாது, அந்த உடுப்பு மடித்த மடிப்பிலேயே கிடக்கும். உங்களுக்குச் சட்டென்று தீர்ந்துபோகும் அளவு என்றால், வேண்டிய ஒன்றிரண்டை முழு விலைக்கு ஆரம்பத்திலேயே வாங்குங்கள்.

ஏப்ரல் 19

சலவை. சுருக்கமாக.

புதுத் துணியைத் துவைத்துவிட்டுப் போடுங்கள். கசங்காது என்று விற்கும் பருத்திச் சட்டைகளில் பலவற்றுக்கு ஃபார்மால்டிஹைடு கலந்த பிசின் கொடுத்திருப்பார்கள். ஒரு சலவையில் வெளியே ஒட்டியிருக்கும் மிச்சம் குறையும். வியர்க்கும் தோலில் அரிப்பு வருபவர்களுக்கு இது முக்கியம்.

சுருங்காது என்ற சீட்டு வெறும் விளம்பரம் இல்லை. நெய்த துணியை ஆலையிலேயே ஈரமும் அழுத்தமும் கொடுத்து முன்கூட்டிச் சுருக்கிவிடும் முறையை சான்ஃபோர்ட் க்ளூயட் என்ற அமெரிக்கர் 1930இல் காப்புரிமை செய்தார். சான்ஃபரைஸ்டு என்ற சொல் அவர் பெயரிலிருந்து வந்தது. அந்தச் சீட்டு இல்லாத பருத்தித் துணியை வெட்டித் தைப்பதாக இருந்தால் முதலில் தண்ணீரில் ஊறப்போட்டு உலர்த்துங்கள். தைத்த பிறகு சுருங்கினால் என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது.

மே 2

வார் பட்ட இடத்தில் வார் அளவுக்கே சிவந்து அரிக்கிறது என்று எழுதியவருக்கு: அது உராய்வுப் புண்ணா, ஒவ்வாமையா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். உராய்வு என்றால் குதிகால், விரல் மூட்டு என்று ஓரிடத்தில் கொப்புளம் வரும், செருப்பை விட்டால் சில நாளில் ஆறும். வார் போன தடம் முழுக்கப் படம் போட்டது போல அரித்தால் வாரின் தோலைப் பதனிடும் ரசாயனத்தைச் சந்தேகிக்கலாம். செருப்புத் தோலில் பெரும்பகுதி குரோமியம் உப்பில் பதனிட்டது. அதில் குரோமியம் 6 என்ற வடிவம் உருவானால் ஒவ்வாமை வரும். ஐரோப்பிய ஒன்றியம் 2015 முதல், உடம்பில் படும் தோல் பொருளில் அது கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்ற அளவை எட்டினாலே விற்பனைக்குத் தடை விதித்திருக்கிறது. வியர்வை இதை மோசமாக்கும் என்பதால் கோடையில்தான் வெளியே தெரியும். தாவரப் பட்டையில் பதனிட்ட தோலோ, துணி வாரோ மாற்றிப் பாருங்கள். ரப்பரில் கலக்கும் ரசாயனங்களுக்கும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, ஆகவே ரப்பருக்கு மாறியும் தீராவிட்டால் தோல் மருத்துவரிடம் ஒட்டுச் சோதனை (சந்தேகப்படும் பொருளை உடம்பில் ஒட்டிப் பார்ப்பது) செய்துகொள்வது நல்லது.

மே 3

நாற்றம் பற்றிக் கேட்டவருக்கு ஒரே பதில்தான்: இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு நாள் விட்டு நாள் மாற்றுங்கள். உள்ளங்காலில் வியர்வைச் சுரப்பிகள் மிக நெருக்கமாக இருக்கின்றன. ஒரு நாள் வியர்வை உலர ஓர் இரவு போதாது. மாற்றிப் போட்டால் இரண்டு ஜோடியும் சேர்ந்து நீண்ட நாள் வரும், கூடுதல் செலவு என்று நினைக்க வேண்டாம். உலர்த்துவதற்காக வெயிலில் போடாதீர்கள், காரின் உள்ளேயும் விடாதீர்கள். ஈ.வி.ஏ. செருப்பு சூட்டில் சுருங்கும், அளவே குறைந்துவிடும். தோல் செருப்பு வறண்டு வெடிக்கும். காற்றோட்டமான நிழலில் சாய்த்து வைத்தால் போதும். சணல் கயிறு சுற்றிய அடி என்றால் நனையவே விடாதீர்கள்.

மே 17

இணையத்தில் வாங்குபவர்களுக்கு. தொட்டுப் பார்க்க முடியாது, ஊதிப் பார்க்க முடியாது. அதனால் எண்ணை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டும்.

உங்களிடம் இருப்பதிலேயே வசதியான சட்டையைத் தரையில் விரித்து, அக்குளுக்கு அக்குள், தோளுக்குத் தோள், நீளம் மூன்றையும் நாடாவில் அளந்து எழுதி வையுங்கள். உடம்பை அளப்பதைவிட இது நம்பகம். விற்பவர் கொடுக்கும் அளவு உடம்பினுடையதா, உடுப்பினுடையதா என்று பாருங்கள். பலர் இதில்தான் தடுமாறுகிறார்கள். மார்புச் சுற்றளவு 100 சென்டிமீட்டர் என்பது உடம்பின் அளவு என்றால் சட்டையின் சுற்றளவு 110க்குக் குறையாமல் இருக்க வேண்டும். கலப்பு சதவீதமும் ஜி.எஸ்.எம்.மும் போடாத துணியை நான் இணையத்தில் வாங்குவதில்லை. “பருத்தி கலந்தது”, “பருத்தி போன்ற மென்மை” என்ற வரிகளில் பருத்தி இல்லாமலே இருக்கலாம். வந்த பிறகு சந்தேகம் என்றால் உள்தையலில் துருத்தும் ஒரு நூலை எடுத்துப் பாதுகாப்பாகக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகித வாடையோடு எரிந்து மெத்தென்ற சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி, ஆறியதும் கெட்டியான சிறு மணியாக நிற்கும். ரேயானும் பருத்தி மாதிரியே எரியும், அந்த இரண்டையும் இதில் பிரிக்க முடியாது.

செருப்புக்குத் திருப்பி அனுப்பும் வசதி இருந்தால் மட்டும். வந்ததும் மாலையில், வீட்டுக்குள், சுத்தமான தரையில் அரை மணி நேரம் போட்டுக்கொண்டு வேலை பாருங்கள். அடியில் அழுக்குப் படாமல் இருந்தால்தான் திரும்ப எடுப்பார்கள்.

மே 18

“புதுத் தோல் செருப்பு போகப் போகச் சரியாகிவிடும் என்கிறார்களே?” என்பது கடைசியாக வந்த கேள்வி. அகலத்தில் கொஞ்சம் விடும், நீளத்தில் விடாது. வார் சற்று இறுக்கம் என்றால் காலுறையோடு வீட்டுக்குள் போட்டுப் பழக்கலாம். விரல் நுனி விளிம்பைத் தொட்டாலோ, குதிகால் பின்னால் தொங்கினாலோ எத்தனை நாள் போட்டாலும் மாறாது. செயற்கைத் தோல் வார் அகலத்திலும் விடாது, அது முதல் நாள் கடித்தால் மாற்றிக்கொண்டு வாருங்கள்.